வலி நிற்கும் நொடி

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பழ ஈக்களுக்குப் பாடம் நடத்துவார்கள். கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் அதே சின்ன ஈக்கள்தான். அவற்றை ஒரு குழாய்க்குள் விட்டு ஒரு வாசனையை ஊதுவார்கள், கையோடு மின்னதிர்ச்சி. பிறகு, இரண்டாகப் பிரியும் வழியில் ஒரு பக்கம் அந்த வாசனையையும் மறுபக்கம் வேறொரு வாசனையையும் வைத்தால், ஈக்கள் முதல் வாசனை இருக்கும் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சூடு கண்ட பூனை கதைதான்.

2004-இல் ஹிரோமு தனிமோட்டோ, மார்ட்டின் ஹைசன்பெர்க், பெர்ட்ராம் கெர்பர் ஆகிய மூவரும் இந்தப் பாடத்தின் வரிசையை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். முதலில் அதிர்ச்சி. அது நின்று சற்றுக் கழித்து வாசனை. அதே ஈ, அதே வாசனை, அதே அதிர்ச்சி. ஆனால் இப்போது ஈக்கள் அந்த வாசனையை நோக்கிப் போயின. வலி வருமுன் வந்த வாசனை எதிரியானது. வலி போனபின் வந்த வாசனை வேண்டியதானது. ஒரு குண்டூசித் தலையளவுகூட இல்லாத மூளை, வலி நிற்பதை ஒரு பரிசாகவே பதிவு செய்துகொள்கிறது.

ஈயோடு இது நிற்கவில்லை. 2010-இல் அதே ஊர் ஆய்வாளர்கள் மனிதர்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். வாசனைக்குப் பதில் திரையில் சில வடிவங்கள். அதிர்ச்சி விலகியபின் ஒரு வடிவத்தைக் காட்டிப் பழக்கினார்கள். பிறகு அந்த வடிவம் திரையில் இருக்கும்போது திடீரென ஓர் ஓசையை எழுப்பி, கண்ணிமை எவ்வளவு பலமாக மூடுகிறது என்று அளந்தார்கள். பயத்தில் இருக்கும் உடல் பலமாக இமைக்கும். இதமாக இருக்கும் உடல் மெதுவாக. அந்த வடிவத்தைப் பார்த்தவர்களின் இமை மெதுவாகவே மூடியது. ‘இந்த வடிவம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?’ என்று வாயால் கேட்டபோதோ, பிடிக்கவில்லை என்றார்கள். உடம்பு ஒன்று சொல்கிறது, வாய் வேறொன்று சொல்கிறது. இரண்டும் பொய்யில்லை.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையைப் பற்றிப் பேச எதற்கு இவ்வளவு தூரம் சுற்றி வர வேண்டும்? காரணம் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து ‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்று கேட்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் கிடைக்கும் பதில், ‘தெரியல.’ அந்தப் பதிலைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம். அது பெரும்பாலும் உண்மையான பதில். உடல் கற்றுக்கொண்ட ஒன்றுக்கு வாயிடம் விளக்கம் இருப்பதில்லை.

சாகும் எண்ணமில்லாமல் தன் உடலைத் தானே வேண்டுமென்று காயப்படுத்திக்கொள்வதை மனநல மருத்துவம் இன்று தனியாகவே பார்க்கிறது. முன்பு அப்படியில்லை. 1938-இல் கார்ல் மெனிங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் இதை ஒரு பகுதித் தற்கொலையாக விளக்கினார்: முழு உயிரையும் காப்பாற்றிக்கொள்ள உடலின் ஒரு பகுதியைப் பலி கொடுப்பது. வெகு காலம் கழித்து, 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூல்தான் இதற்கென ஒரு தனி இடம் ஒதுக்கியது. அதுவும் ‘இன்னும் ஆய்வு தேவை’ என்ற பட்டியலில். இது ஏதோ அபூர்வமான நிலையும் இல்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் கணக்குப் பார்த்தபோது, வளரிளம் பருவத்தினரில் சுமார் 17 சதவீதம் பேர் வாழ்வில் ஒரு முறையாவது இதைச் செய்திருந்தார்கள். பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் தொடங்குகிறது. பெண் பிள்ளைகளிடம் கூடுதல். ஆனால் ஆண் பிள்ளைகளிடம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களைக் கேட்பதற்கு ஆளில்லை என்பதும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வயதைவிட இதில் இன்னொரு கணக்கு முக்கியம். ஜார்ஜ் பாட்டனும் அவருடைய குழுவினரும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் 12 முதல் 15 வயது வரையுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிறந்த தேதியைக் காட்டிலும், பருவமடைதல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதோடுதான் காயப்படுத்திக்கொள்வது ஒட்டிப் போயிற்று. ஒரே வகுப்பு, ஒரே வயது. ஆனால் உடல் முன்னால் ஓடிவிட்ட பிள்ளைகளிடம் அதிகம். அவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் சேர்ந்தே கூடியிருந்தன. உணர்ச்சியைக் கிளறும் மூளைப் பகுதிகள் பருவத்தோடு சுறுசுறுப்பாகிவிடுகின்றன; அதை அடக்கி ஆளும் நெற்றிப்புற மூளை இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. இடையில் அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வையும் எழுத வேண்டும்.

மனச்சோர்வுக்கும் இதற்கும் என்ன உறவு? சோகம் தாங்காமல் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. தரவுகள் அதற்கு ஒத்துவரவில்லை. 2006-இல் ஹார்வர்டின் மேத்யூ நாக் குழுவினர் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த, காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமுள்ள 89 வளரிளம் பருவத்தினரை ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருந்தது. ஆனால் முழுமையான மனச்சோர்வு நோய் இருந்தவர்கள் சுமார் 42 சதவீதம்தான். மற்றவர்களிடம் பதற்றம், நடத்தைக் கோளாறு, போதைப் பழக்கம் என வேறு வேறு. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் அப்படித்தான். அமெரிக்காவில் மாத்திரைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுடன் ஒரு பெரிய சிகிச்சை ஆய்வில் சேர்ந்த 334 வளரிளம் பருவத்தினரில் ஏறக்குறைய ஐந்தில் இருவரிடம் இந்தப் பழக்கம் இருந்தது. மீதிப் பேரும் அதே நோயுற்றவர்கள்தான். அவர்களிடம் இந்தப் பழக்கம் இல்லை.

இன்னும் நெருங்கிப் பார்க்க நாக் ஒரு வழி கண்டுபிடித்தார். காயத்தைப் பற்றி மாதக்கணக்கில் கழித்துக் கேட்டால் நினைவு ஏமாற்றும். அதனால் 30 வளரிளம் பருவத்தினரிடமும் இளைஞர்களிடமும் கையடக்கக் கருவி ஒன்றைக் கொடுத்து, இரண்டு வாரங்களுக்கு அவ்வப்போது அந்த நிமிடத்தின் நிலையைப் பதிவு செய்யச் சொன்னார். எங்கே இருக்கிறாய், யாருடன், மனதில் என்ன ஓடுகிறது? 2009-இல் வெளிவந்த அந்தப் பதிவுகளில் இரண்டு சங்கதிகள் கண்ணில் படுகின்றன. ஒன்று, அந்த எண்ணம் வந்தால் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் போய்விடுகிறது. இரண்டு, எந்த உணர்ச்சி வந்தபோது எண்ணம் செயலாக மாறியது என்பது. ஒதுக்கப்பட்ட உணர்வு, தன் மேலேயே கோபம், தன் மேலேயே வெறுப்பு, எதுவுமே உறைக்காத மரத்துப்போன நிலை, பிறர் மேல் கோபம். இவை இருந்தபோது வாய்ப்பு கூடியது. சும்மா சோகமாக இருந்தது அப்படிக் கூட்டவில்லை.

‘தன் மேலேயே’ என்ற அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் ஜில் ஹூலி என்ற ஹார்வர்டு உளவியலாளர் போனார். ஆனால் அதற்குமுன் ஜோசப் ஃபிராங்க்ளின் என்ற ஆய்வாளர் செய்ததைச் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில், ஆபத்தில்லாத அளவு வலியைக் கொடுத்து நிறுத்தி, அந்த நொடியில் உடலும் மனமும் என்ன செய்கின்றன என்று அவர் அளந்தார். வலி நின்றதும் மனநிலை பழைய இடத்துக்குத் திரும்புவதோடு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு அதைவிடவும் லேசானது. காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்த ஆசுவாசம் அதிகமாக இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? இல்லை. வாழ்நாளில் ஒரு தடவைகூட அப்படிச் செய்யாதவர்களுக்கும் ஏறக்குறைய அதே ஆசுவாசம்தான். ஈக்கு இருப்பது எல்லோருக்கும் இருக்கிறது.

இங்கேதான் கேள்வியே தலைகீழாகிறது. வலி நிற்பதில் கிடைக்கும் ஆசுவாசம் எல்லோர் உடம்பிலும் தயாராக இருக்கிறது என்றால், அந்தப் பிள்ளை ஏன் செய்தாள் என்பதைவிட, மற்ற நாமெல்லாம் ஏன் செய்யவில்லை என்பதுதான் விளக்கம் வேண்டிய விஷயம். 2018-இல் ஹூலியும் ஃபிராங்க்ளினும் சேர்ந்து எழுதிய கோட்பாடு இதைத்தான் கேட்கிறது. நம்மைத் தடுப்பவை சில உண்டு. வலிக்குமே என்ற பயம். ரத்தம், காயம் என்றாலே வரும் அருவருப்பு. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். எல்லாவற்றுக்கும் அடியில், நாம் கவனிக்கவே கவனிக்காத ஒன்று: என் உடம்பு எனக்குப் பிடித்தமானது, அதைக் கெடுக்கக் கூடாது என்ற சாதாரணப் பிரியம்.

அந்தப் பிரியத்தைத்தான் மனச்சோர்வு அரித்துவிடுகிறது. நோயின் பட்டியலில் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை என்று பலவும் இருந்தாலும், ‘நான் எதற்கும் உதவாதவன்’, ‘எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம்’ என்ற மிகையான குற்ற உணர்வும் அதில் ஒன்று. வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டுக்கொண்டால் அதற்கும் தான்தான் காரணம். தோழி பதில் மெசேஜ் அனுப்பவில்லை என்றால் அதற்கும் தான்தான். இப்படித் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியே வைத்திருக்கும் பிள்ளைக்கு, தண்டனை அநியாயமாகப் படுவதில்லை. 2010-இல் ஹூலி செய்த சோதனையில், காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமுள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் வலியைப் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களிலும் யார் அதிகம் பொறுத்தார்கள் என்று பார்த்தால், ‘நான் கெட்டவள், எனக்கு இது வேண்டும்’ என்று தன்னைப் பற்றி அதிகமாக நம்பியவர்கள். வலியை நிறுத்தச் சொல்லிக் கேட்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

அடுத்து வந்ததுதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்த சோதனை. 2014-இல் ஹூலியும் சாரா செயின்ட் ஜெர்மெயினும், அப்படிப்பட்டவர்களை அழைத்து, வெறும் ஐந்து நிமிடம், அவர்களிடம் உள்ள நல்ல குணங்களைப் பற்றி யோசிக்க வைத்தார்கள். மருந்து இல்லை, அறிவுரை இல்லை. பிறகு மறுபடி அதே வலிச் சோதனை. இந்தத் தடவை அவர்கள் முன்பைவிடச் சீக்கிரமே ‘போதும்’ என்றார்கள். ஐந்து நிமிடத்தில் யாருக்கும் மனச்சோர்வு குணமாகிவிடவில்லை. அந்த விளைவு எத்தனை நாள் நிற்கும் என்பது வேறு கேள்வி. ஆனால் தன்னைப் பற்றிய கணிப்பு கொஞ்சம் அசைந்தால், வலியோடு உடல் வைத்திருக்கும் உடன்படிக்கையும் அசைகிறது என்பது அங்கே அளந்து காட்டப்பட்டது.

ஆசுவாசம் என்று இத்தனை முறை எழுதிவிட்டேன். அதன் விலையையும் எழுத வேண்டும். கந்துவட்டிக்குப் பணம் வாங்கியவன் கதைதான். அன்றைக்குக் கழுத்தைப் பிடித்த கடன்காரன் போய்விடுவான். மறுநாளிலிருந்து வட்டி ஓடும். அவமானம், மறைக்க வேண்டிய கட்டாயம், ‘நான் இப்படிப்பட்டவள்தானே’ என்று தன் மேல் இன்னும் ஒரு குற்றச்சாட்டு. எந்த மனச்சோர்வுக்குத் தப்பிக்க இந்த வழி கிடைத்ததோ, அந்த மனச்சோர்வுக்கே தீனி. ஆய்வுகள் சிலவற்றில் மனச்சோர்வு முன்னால் வந்து காயம் பின்னால் வருகிறது. வேறு சிலவற்றில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. சாகும் நோக்கம் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று அர்த்தமாகாது. கேம்பிரிட்ஜின் பால் வில்கின்சன் குழு, கடும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற 164 பிரிட்டிஷ் வளரிளம் பருவத்தினரை 28 வாரம் தொடர்ந்து கவனித்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டது. யார் பின்னாளில் தற்கொலைக்கு முயல்கிறார்கள் என்பதை முன்கூட்டிக் காட்டியவற்றில், சிகிச்சை தொடங்கும்போதே இருந்த இந்தக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமும் ஒன்று. தடுப்புகள் ஒவ்வொன்றாகத் தேய்கின்றன என்ற ஹூலியின் பார்வையில் வைத்துப் பார்த்தால் இது புரியும். வலி பயம் போய்விட்ட உடலில், நோக்கம் மாறுவதற்கு ஒரு மோசமான இரவு போதும். ஆகவே ‘சும்மா கவனத்தை ஈர்க்கத்தான்’ என்று ஒதுக்கிவிடும் பேச்சு அறிவியலுக்குப் பொருந்தாதது. பெரும்பாலான பிள்ளைகள் இதை யாருக்கும் தெரியாமல் மறைத்தே வைக்கிறார்கள். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை, விளையாட்டு வகுப்பென்றால் மட்டும் வயிற்றுவலி. கவனத்தை ஈர்க்க நினைப்பவர் செய்யும் வேலையா இது? அப்படியே ஒருவேளை கவனத்துக்காகத்தான் என்றாலும், பசிக்கிறது என்று அழும் குழந்தையிடம் ‘சோற்றுக்காக அழுகிறாய்’ என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

வளரிளம் பருவத்து மனச்சோர்வை நம் வீடுகளில் அடையாளம் காண்பதும் சிக்கல். பெரியவர்களைப் போல மூலையில் உட்கார்ந்து அழுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். இந்த வயதில் அது பெரும்பாலும் எரிச்சலாக வெளிப்படும். மருத்துவ வரையறையிலேயே, பிள்ளைகளுக்கு மட்டும் சோகத்துக்குப் பதிலாக எரிச்சலையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ‘எது கேட்டாலும் எரிஞ்சு விழுறான்’, ‘போன்ல யாரோடயோ பேசிப் பேசி இப்படி ஆயிட்டா’, ‘நாங்க பட்ட கஷ்டத்துல பாதி பட்டிருந்தா தெரியும்’ என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பிள்ளை தூங்கி எத்தனை நாளாயிற்று என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காயம் கண்ணில் பட்ட அன்று அடி விழும், அல்லது ‘என் தலைமேல சத்தியம் பண்ணு’ என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். சத்தியம் வாங்குவதில் ஒரு கோளாறு இருக்கிறது. மீறிவிட்டால், ஏற்கெனவே நீண்டு கிடக்கும் குற்றப்பத்திரிகையில் அம்மாவின் தலையும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் அந்தப் பிள்ளை இன்னும் நன்றாக மறைக்கப் பழகும்.

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே தூண்டிவிட்டதாகிவிடுமோ என்று ஆசிரியர்கள்கூடத் தயங்குகிறார்கள். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மேட்லின் கூல்டு, நியூயார்க் மாநிலத்தின் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியினரிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேள்விகள் கேட்கப்பட்டன, மறுபாதியினரிடம் கேட்கப்படவில்லை. 2005-இல் வந்த முடிவின்படி, கேட்கப்பட்டவர்களின் மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. மனச்சோர்வு அறிகுறிகள் ஏற்கெனவே இருந்த மாணவர்களில், கேட்கப்பட்டவர்களே வேதனை குறைந்து காணப்பட்டார்கள்.

கேட்டபின் என்ன செய்வது? இதற்கென்று தனியாக ஒரு மாத்திரை கிடையாது. மனச்சோர்வு இருந்தால் அதற்கான மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் வேண்டும். இந்தப் பழக்கத்தையே குறிவைக்கும் பேச்சுச் சிகிச்சைகளில் அதிகம் சோதிக்கப்பட்டது, அமெரிக்காவின் சியாட்டிலில் மார்ஷா லைன்ஹன் உருவாக்கிய ‘டிபிடி’. வேதனையின் உச்சத்தில் அந்த அரைமணியைக் கடப்பது எப்படி, என்ன உணர்கிறேன் என்று பெயர் சொல்வது எப்படி, வீட்டில் சண்டையில்லாமல் ஒன்றைக் கேட்பது எப்படி என்று, சைக்கிள் ஓட்டக் கற்றுத் தருவதுபோலப் படிப்படியாகப் பயிற்சி தருவார்கள். பெற்றோரும் கூடவே வகுப்பில் உட்கார வேண்டும். லைன்ஹன் தன் 68-ஆவது வயதில், 2011-இல், ஒரு செய்தியை வெளியே சொன்னார். 1961-இல், 17 வயதுப் பெண்ணாக, ஹார்ட்ஃபோர்டு நகரின் மனநல மருத்துவமனையில் அவரே இதே காரணத்துக்காக இரண்டு ஆண்டுக்கும் மேல் இருந்திருக்கிறார். அவர் அதைச் சொன்னதும் அதே மருத்துவமனையில்தான்.

2018-இல் எலிசபெத் மெக்காலி குழுவினர், தற்கொலைக்கு முன்பே முயன்றிருந்த 173 வளரிளம் பருவத்தினரிடம் டிபிடியை வேறொரு ஆதரவுச் சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். ஆறு மாத முடிவில் டிபிடி பெற்றவர்களிடம் காயப்படுத்திக்கொள்வது தெளிவாகவே குறைவு. ஓராண்டில் அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. மற்ற சிகிச்சை பெற்றவர்களும் அதற்குள் தேறி வந்துவிட்டார்கள். யாராவது ஒருவர் விடாமல் வாரா வாரம் உட்கார்ந்து கேட்டால் அதற்கும் பலன் உண்டு என்று இதைப் படிக்கலாம் என நினைக்கிறேன்.

இந்தியாவில் டெலி-மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. பெற்றோரும் அழைக்கலாம், ஆசிரியரும் அழைக்கலாம், அந்தப் பிள்ளையும் அழைக்கலாம்.

விக்டோரியா மாநிலத்தில் 1992-இல் பதினாலு, பதினைந்து வயதில் இருந்த 1,943 மாணவர்களைப் பால் மோரனும் பாட்டனும் அவர்களுக்கு 29 வயது ஆகும்வரை பின்தொடர்ந்தார்கள். வளரிளம் பருவத்தில் தம்மைக் காயப்படுத்திக்கொண்டவர்களில் 90 சதவீதம் பேர் இருபதுகளில் அப்படிச் செய்யவில்லை. இதை மட்டும் படித்துவிட்டு, ‘வயசுக் கோளாறு, தானா சரியாயிடும்’ என்று இருந்துவிடலாமா? அதே கூட்டத்தை 35 வயதில் மறுபடி சந்தித்தபோது, வளரிளம் பருவத்தில் காயப்படுத்திக்கொண்டவர்களிடம் போதைப் பொருள் பயன்பாடு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. மனச்சோர்வும் பதற்றமும்கூட அவர்களிடம் கூடுதலாகவே இருந்தன. ஆனால் வளரிளம் பருவத்திலேயே அவர்களுக்கு இருந்த மனநலச் சிக்கல்களைக் கணக்கில் சேர்த்ததும் இந்த இரண்டிலும் இருந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி கரைந்துவிட்டது. அதாவது, வேர் பதினைந்து வயதிலேயே இருந்திருக்கிறது. ஆகவே விவரமறிந்த மருத்துவர் கடைசிச் சந்திப்பில் கையைப் பார்த்துத் திருப்தியடைந்து அனுப்பிவிடுவதில்லை. தூக்கம் எப்படி, யாரோடு பேசுகிறாய், ஒரு தப்பு நடந்தால் உனக்கு நீயே என்ன சொல்லிக்கொள்கிறாய் என்று கேட்டுவிட்டு, அடுத்த மாதத்துக்கும் ஒரு தேதி குறித்துக் கொடுக்கிறார்.